கரும்பும் மரவள்ளியும்: சேலம், நாமக்கல் சமவெளியில் அயல் உணவும் தமிழ் மரபும்

பழந்தமிழர் உணவு பற்றி எழுந்துள்ள ஆராய்ச்சிகளை நோக்குமிடத்து, அவற்றுள் இருவகைப் போக்குகள் மேலோங்கி நிற்கக் காண்கிறோம். ஒன்று, சங்க நூல்களில் காணப்படும் உணவுப் பெயர்களைத் தொகுத்து அவையே தமிழர் உணவு என்று வரையறுத்துப் பிற்காலத்து வந்தவற்றைப் புறத்தே ஒதுக்குவது. மற்றொன்று, இன்று நாம் உண்பன எல்லாவற்றிற்கும் எவ்வாறேனும் சங்கச் சான்று காட்ட முயல்வது. முன்னையது மிளகாயையும் மரவள்ளியையும் அயலவை என்று தள்ளும். பின்னையது அவற்றை அயலவை என்று ஏற்கவே மறுக்கும். இரண்டும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே கொள்கையை உடையன. வந்த பொருள் நம்முடையது ஆகாது என்பதே அக்கொள்கை. அக்கொள்கை தமிழ் இலக்கண இலக்கிய மரபிற்கு ஏற்புடையதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்குக் களமாகச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியை எடுத்துக்கொள்கிறோம். தமிழகத்தில் அயல் உணவொன்றின் வருகையைப் பாடிய மிகப் பழைய பாடல்கள் இச்சமவெளியை அடுத்த தகடூர் வேந்தரைப் பற்றியனவாகும். கடல் கடந்து வந்த கிழங்கொன்று பெருந்தொழிலாக வேரூன்றியதும் இம்மண்ணிலேயாம்.

திணையும் உணாவும்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை முதற்கண் வைத்து, அதனை அடுத்து உணாவை வைத்தார். நிலத்தின் இயல்பை அறிவதற்கு அங்கு வாழும் மக்கள் எதனை வழிபடுகின்றனர் என்பதற்கு அடுத்தபடியாக எதனை உண்கின்றனர் என்பதே அடையாளமாகும் என்று அவர் கருதினார் போலும்.

உரையாசிரியர்கள் இவ்வுணாவை நிலந்தோறும் பகுத்துக் காட்டுவர். குறிஞ்சிக்குத் தினையும் ஐவன நெல்லும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்கு நெல். இம்மூன்றும் அந்நிலங்களின் விளைவுகளே. ஆயின், நெய்தலுக்கு உணவாக அவர்கள் கூறுவது மீனையும் உப்பையும் விற்றுப் பெற்றவற்றை. பாலைக்குக் கூறுவது வழிப்பறித்தும் சூறையாடியும் கொண்டவற்றை. ஐந்நிலங்களுள் இரண்டிற்கு உணா என்பது பிற நிலத்திலிருந்து வருவதே என்பது இதனால் பெறப்படும். உணவுக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பழைய இலக்கணம் இறுக்கமான வேலியாகக் கொள்ளவில்லை என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று இன்னும் தெளிவானது. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் அந்நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், அவை வந்து சேர்ந்த நிலத்தின் பயனாகவே கொள்ளப்படும் என்று அகத்திணையியலில் தொல்காப்பியர் விதி வகுத்துள்ளார். இவ்விதி பூவையும் புள்ளையுமே பெயர் சுட்டிக் கூறுகிறது. உணவை வெளிப்படையாகக் கூறவில்லை. ஆதலின் இதனை உணவிற்கும் உரித்தாக்குவது எம்முடைய உய்த்துணர்வேயன்றி நூற்பாவின் நேர்ப்பொருள் அன்று. எனினும், இலக்கிய வழக்கு அவ்வுய்த்துணர்வுக்குத் துணை நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அத்துணையைக் கரும்பு தருகிறது.

கரும்பின் வருகை

தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்து தந்தனர் என்று போற்றுகிறார் (புறம். 99). அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாடலிலும் இச்செய்தியை அவர் மீண்டும் எடுத்துரைக்கிறார் (புறம். 392). தகடூர் இன்றைய தருமபுரி ஆகும். அது 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. நாமக்கல் 1997 வரை சேலத்தோடு இணைந்திருந்தது. நாமக்கல் மலையில் குடைந்த திருமால் கோயிலின் கல்வெட்டுப் பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்பதாகும். அதியர் மரபின் தொடர்பு நாமக்கல் வரை பரவியிருந்தமை இதனால் விளங்கும்.

ஔவையார் கூற்றில் யாம் ஊன்றி நோக்கத்தக்க சொல் ‘இவண்’ என்பது. கரும்பு ‘இங்கே’ கொண்டுவரப்பட்டது என்று கூறும் புலவர், எங்கிருந்து என்று கூறினார் அல்லர். இந்த இடைவெளியைப் புறநானூற்றின் பழைய உரைகாரர் விண்ணுலகத்தைக் கொண்டு நிரப்பினார். இக்காலப் பயிர்நூலார், இனிய கரும்பு முதன்முதல் நியூகினித் தீவில் மாந்தரால் பயிராக்கப்பட்டது என்று கூறுவர். இவ்விரண்டையும் இணைத்து அதியர் நியூகினியிலிருந்தே கரும்பைக் கொணர்ந்தனர் என்று முடிவு கட்டுவார் உளராயின் அது பாடலுக்குப் புறம்பானதாகும். பாடல் தரும் செய்தி இரண்டே: கரும்பு ஒரு காலத்தில் இங்கு இல்லை என்ற நினைவு மக்களிடத்தே இருந்தது, அதனைக் கொணர்ந்த செயல் போர் வென்றிக்கு ஒப்பப் பாடத்தகும் புகழாகக் கருதப்பட்டது.

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம். மருதப் பாடல்களில் கரும்பு வயலின் இயல்பான விளைவாகவே வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஆலைகள் முழங்குகின்றன. வழிப்போவார் சாறு பருகுகின்றனர். பட்டினப்பாலையில் சோழ நாட்டு வளத்தின் கூறாகக் கருப்பஞ்சாற்றை அடும் ஆலை இடம்பெறுகிறது. அங்கெல்லாம் கரும்பை அயலது என்று எந்தப் புலவரும் குறிக்கவில்லை. ஒரே இலக்கியத் தொகுதி, ஒரு பொருள் வந்தது என்பதையும் நினைவிற் கொண்டது. அது நம்முடையது என்பதையும் ஐயமின்றி ஏற்றது. இரண்டையும் முரணாக அது கருதவில்லை. வந்து சேர்ந்த நிலத்தின் பயன் என்னும் விதி உணவிற்கும் வழக்கில் இருந்தது என்று யாம் கொள்வது இதனாலேயாம். இன்று மோகனூர்ச் சர்க்கரை ஆலைக்கும் காவிரிக்கரை வெல்ல ஆலைகளுக்கும் கரும்பு வெட்டும் உழவர், தாம் அயல் பயிரை வளர்ப்பதாக எண்ணுவாரா? எண்ணார். ஔவையார் காலத்திலேயே அவ்வழக்கு தீர்ந்துவிட்டது.

ஆற்றுப்படை காட்டும் நெறி

அறியாத உணவை அறிந்துகொள்வது எவ்வாறு என்பதற்கு ஆற்றுப்படை நூல்கள் ஒரு நெறி காட்டுகின்றன. இந்நூல்களை உணவுப் பட்டியல்களாக மட்டும் படிப்பது ஆராய்ச்சியாளர் பலரிடத்தும் காணப்படும் குறையாகும். எயினர் மனையில் இன்னது, இடையர் குடிலில் இன்னது, உழவர் ஊரில் இன்னது என அட்டவணை எழுதி முடித்துவிடுகின்றனர். அட்டவணையில் விடுபடுவதே அந்நூல்களின் உயிர்.

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் தரும் உணவை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசியை எடுக்கின்றனர். நிலத்தில் குழித்த உரலில் குற்றுகின்றனர். கிணற்றின் உவர்நீரை முகக்கின்றனர். விளிம்பு சிதைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றுகின்றனர். அதன் பின்னரே உணவு விருந்தினர் முன் வருகிறது. கேட்கும் பாணன் அவ்வுணவை முன்பு உண்டவன் அல்லன். அதன் சுவையை மட்டும் கூறியிருந்தால் அவனுக்கு அது வியப்பாகவோ அருவருப்பாகவோ தோன்றியிருக்கும். உணவுக்குப் பின்னுள்ள உழைப்பையும் வறுமையையும் ஈகையையும் உடன் கூறியதனால் அஃது அவனுக்கு மதிக்கத்தக்க விருந்தாகிறது. மலைபடுகடாத்தில் மூங்கிலரிசியும் நெல்லும் அவரையும் புளியும் கலந்த கூழைக் கூறும்போதும், சிறுபாணாற்றுப்படையில் ஆமூர் உழவர் மகளிர் வெண்சோற்றோடு நண்டுக் கலவை தருவதைக் கூறும்போதும் இந்நெறியே பின்பற்றப்படுகிறது. அயலார் உணவை அவர்தம் தொழிலின் வழியே அறிதல் வேண்டும் என்பது ஆற்றுப்படையின் உட்கிடை என்க.

கடல் கடந்த உணவும் பழந்தமிழர்க்குப் புதியதன்று. ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்களைப் பட்டினப்பாலை புகார்த் துறையில் காட்டுகிறது, யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகுமாறு நக்கீரர் வாழ்த்துகிறார் (புறம். 56). ஆயின் இவ்விடங்களில் பொருள் மட்டுமே பேசப்படுகிறது. அதனை ஆக்கிய மாந்தர் பேசப்படவில்லை. ஆற்றுப்படை நெறிக்கும் அங்காடி நெறிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாம்.

பெயரிடும் மூவகை

பிற்காலத்தே, 16ஆம் நூற்றாண்டு முதலாகப் போர்ச்சுகீசியர் வழியாகவும் பிறர் வழியாகவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இந்தியாவை அடைந்தன. அவற்றிற்குத் தமிழர் பெயரிட்ட முறை மூவகைப்படும்.

முதலாவது, பழஞ்சொல்லுக்கு அடைகொடுத்தல். மிளகை ஒத்த உறைப்புடைய காய் மிளகாய் ஆயிற்று. நிலத்தினுள் விளையும் கடலை நிலக்கடலை ஆயிற்று. பாரியின் பறம்புமலையில் உழவர் உழாது விளைவனவாகக் கபிலர் எண்ணிய நான்கனுள் வள்ளிக்கிழங்கும் ஒன்று (புறம். 109). அந்தப் பழைய ‘வள்ளி’ என்னும் கொடிப்பெயர், மரம்போல் நிமிர்ந்து வளரும் புதிய செடிக்கு ‘மரவள்ளி’ என்றும், இனிப்புடைய மற்றொன்றுக்குச் ‘சர்க்கரைவள்ளி’ என்றும் விரிந்தது. கொடியல்லாத ஒன்றைக் கொடியின் பெயரால் வழங்கியது பொருந்தாமை போலத் தோன்றும். ஆயினும், தெரியாததைத் தெரிந்ததன் அருகில் வைத்துக் காணும் மனப்பாங்கு அதில் வெளிப்படுகிறது.

இரண்டாவது, அயலொலியைத் தமிழொலிக்கு இயைய வாங்கிக்கொள்ளுதல். கொய்யா, அன்னாசி என்பன போர்ச்சுகீசிய மொழி வழியாக வந்தவை. கொல்லிமலையில் பலாவும் அன்னாசியும் இன்று அருகருகே விளைகின்றன. ஒன்று சங்கப் புலவர் அறிந்தது, மற்றொன்று அவர் அறியாதது.

மூன்றாவது, கொணர்ந்தார் எனக் கருதப்பட்டவரின் பெயரையோ இடத்தையோ சேர்த்தல். பறங்கிக்காய், மக்காச்சோளம் என்பன இவ்வகையின. மக்காச்சோளம் மெக்சிக்கோ நாட்டில் தோன்றியது, மக்காவில் தோன்றியதன்று. ஆகவே இவ்வகைப் பெயர் பிறப்பிடத்துக்குச் சான்றாகாது. யார் வழியாக வந்தது என்று மக்கள் எண்ணினர் என்பதற்கே சான்றாகும். இவ்வரையறை அடுத்து வரும் சொல்லாராய்ச்சிக்கு இன்றியமையாதது.

சவ்வரிசி என்னும் சொல்

சவ்வரிசி, சவ்வரிசி என்பதே பேச்சுவழக்கில் ஜவ்வரிசி எனவும் வழங்கும். இதனைச் சாவகத்து அரிசி, அதாவது சாவாத் தீவிலிருந்து வந்த அரிசி, என்று பிரிப்பார் பலர். மணிமேகலையில் சாவக நாடு வருவதை அவர்கள் துணையாகக் காட்டக்கூடும். மழையின்மையால் சாவகத்தார் பசியால் வருந்துகின்றனர் என்று கேட்டு, அமுதசுரபியை ஏந்தி ஆபுத்திரன் கப்பலேறிய கதை நெஞ்சை உருக்குவதே. ஆயின் அக்கதையில் உணவு செல்ல வேண்டியது இங்கிருந்து சாவகத்திற்கேயன்றிச் சாவகத்திலிருந்து இங்கன்று. காப்பிய நினைவைச் சொல்லாராய்ச்சிக்குச் சான்றாக்குதல் முறையன்று.

அண்டை மொழிகளை ஒப்புநோக்கின் உண்மை விளங்கும். தெலுங்கில் சக்குபிய்யம், கன்னடத்தில் சப்பக்கி, மலையாளத்தில் சவ்வரி என்பன இப்பொருளின் பெயர்கள். நான்கு மொழிகளிலும் பின்மொழி அரிசியைக் குறிக்கும் சொல்லே. முன்மொழியைத் தெலுங்கு ககர ஒலியோடு காத்துள்ளது. மலாய் மொழியில் ‘சாகு’ என்பது ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவின் பெயர். ‘சாகு’ என்பதே இந்நான்கு மொழிகளிலும் ஒலி திரிந்து அரிசியோடு புணர்ந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். வடநாட்டு வழக்காகிய சாபுதானா என்பதிலும் முன்மொழி இதுவே. வரகரிசி, தினையரிசி, மூங்கிலரிசி என நெல்லல்லாதவற்றையும் அரிசி என்று வழங்குவது தமிழில் பழைய வழக்காதலின், புதிய மணிகளும் அப்பெயரை எளிதில் ஏற்றன.

சாகுப் பனை நியூகினி, மலுக்குத் தீவுகளில் உணவின் அடிப்படையாக விளங்குவது. மார்க்கோபோலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராத் தீவில் மரத்திலிருந்து மாவெடுத்து உண்பதைக் கண்டு எழுதியுள்ளார். தமிழகத்திற்கு இம்மாவின் மணிகள் மலாய்த் துறைமுகங்களிலிருந்து இறக்குமதியாயின. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் அத்துறைமுகங்கள் சப்பானியர் கைப்பட்டன, வரத்து நின்றது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கின் மாவைக்கொண்டு சவ்வரிசி செய்யத் தொடங்கினர் என்று இத்தொழிலின் வரலாறு கூறும். 1981-இல் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் பதிவாயிற்று. 2023-இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஈண்டு நிகழ்ந்தது யாது? பனையின் பெயர் கிழங்கின் பொருளுக்கு உரியதாயிற்று. பெயர் மலாய் நாட்டது, கிழங்கு தென்னமெரிக்காவினது, கைத்திறன் சேலத்தது. உண்போரோ பெரும்பாலும் மராட்டியம் முதலிய வடபுலத்தார். தானியத்தை விலக்கும் நோன்பு நாள்களில் தானியமல்லாத உணவு என்று கருதி அவர்கள் இதனை உண்கின்றனர். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இச்சமவெளி மக்கள் ஆலையைச் ‘சேகோ ஆலை’ என்பர். அதில் விளையும் பொருளைச் ‘சவ்வரிசி’ என்பர். ‘சேகோ’ ஆங்கிலத்தின் வழி வந்தது. ‘சவ்’ பழைய வணிகத்தின் வழி வந்தது. ஒரே மலாய்ச் சொல் இருவேறு வழிகளால் வந்து ஒரே வாக்கியத்தில் அமர்ந்திருக்கிறது. பேசுவோர் அதனை உணர்வதில்லை.

பக்குவமும் பண்பாடும்

உணவுப் பொருள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது அதன் பக்குவமும் உடன்செல்லும் என்பதில்லை. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டனர். அப்பக்குவம் அறியாது சோளத்தை மட்டும் ஏற்று, அதனையே முதன்மை உணவாகக் கொண்ட வட இத்தாலியின் ஏழை மக்களும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை மக்களும் பெலக்ரா என்னும் கொடிய நோய்க்கு ஆளாயினர். தானியத்தை எடுத்துக்கொண்டவர் அதனை வளர்த்த மக்களின் அறிவைப் பொருட்படுத்தாமையால் வந்த கேடு இது.

மரவள்ளியும் எச்சரிக்கைக்குரியது. கசப்பு வகைக் கிழங்கில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் மிகுதி. அமேசான் பகுதி மக்கள் அதனைத் துருவி, நீண்ட பின்னற் கூடையிலிட்டுப் பிழிந்து, சாற்றை நீக்கி, எஞ்சியதை வறுத்து உண்ணக் கற்றனர். அங்ஙனம் பிழிந்தெடுத்த மாவின் படிவைக் குறித்த துப்பி மொழிச் சொல்லே ‘தப்பியோக்கா’ எனத் திரிந்து ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கின் பயிரை ஊக்குவித்தார். பர்மாவின் அரிசி வரத்து நின்ற போர்க்காலத்தில் அந்நாட்டு ஏழையரின் உயிரை அது காத்தது. அங்கு வேகவைத்து நீரை வடித்துவிடும் வழக்கம் உண்டு. சேலத்தில் கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டிகளில் தெளியவைத்து, படிந்த மாவைக் குலுக்கி மணிகளாக்கி, சூடேற்றி, வெயிலில் உலர்த்துகின்றனர். துருவுதல், பிழிதல், படியவைத்தல், சூடேற்றல் என்னும் அமேசான் மக்களின் பக்குவத்திற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை.

ஆதலின் ஓர் உணவின் பின்னுள்ள பண்பாட்டை அறிதல் ஆராய்ச்சிக்கு அணிகலன் அன்று, உயிர்நிலையாம். ஆற்றுப்படைப் புலவர் உரலையும் அடுப்பையும் கிணற்றையும் விடாது கூறியதன் பயன் இங்குப் புலப்படும்.

இச்சமவெளி உழவர் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று வழங்குவர். தண்டைக் குச்சிகளாக நறுக்கி நட்டுப் பயிர்செய்யும் வழக்கத்திற்கு அப்பெயர் நன்கு இயைகிறது. மரவள்ளி என்பது கண்டவர் இட்ட பெயர். குச்சிக்கிழங்கு என்பது நட்டவர் இட்ட பெயர். முன்னது அகராதியில் உரிய இடம் பெறுகிறது. பின்னது வட்டார வழக்கு என்று ஓரத்தில் நிறுத்தப்படுகிறது. தொழிலோடு பொருந்திய சொல்லுக்கே ஆராய்ச்சியாளர் முதலிடம் தருதல் வேண்டும் என்பது எம் கருத்து.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: உணவு வந்தது என்பதும் நமது என்பதும் தமிழ் மரபில் முரண்பட்டன அல்ல. பெயரைக்கொண்டு பிறப்பிடத்தைத் துணிதல் பிழைபடும். ஒப்பு மொழிச் சான்றும் வணிக வரலாறும் உடன்வேண்டும். அயல் உணவை அதனை ஆக்கியோரின் தொழில்வழி அறிவதே ஆற்றுப்படை காட்டும் நெறி.

கரும்பின் வருகையைப் பாட ஔவையார் இருந்தார். மரவள்ளியின் வருகை ஆட்சிக் குறிப்புகளிலும் கூட்டுறவுச் சங்கத்தின் ஏடுகளிலும் பதிவாயிற்று. நட்டவர், தோலுரித்தவர், மாவைக் குலுக்கியவர் ஆகியோரின் சொற்கள் எங்கும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. ஆலைகள் பொறிமயமாகும்தோறும் கைத்தொழிற் சொற்கள் வழக்கொழிகின்றன. ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரங்களில் கையால் மணி திரட்டிய தலைமுறையினர் சிலரேனும் இன்னும் உளர். முதுகலை மாணவர் நூலகத்தினின்றும் வெளிப்போந்து, அவர்பால் சென்று, கருவிகளின் பெயர், செயல்களின் பெயர், மாவின் பதங்களுக்குரிய பெயர் ஆகியவற்றைக் கேட்டெழுதுவாராயின், பத்துப்பாட்டைப் படித்ததன் பயனை அவர் எய்தியவராவர். அப்பணியை இப்பொழுதே தொடங்குதல் நன்று.